இரங்கும் வழி

1

இந்தக் கதை ஓர் எழுத்துப்பிழையில் பிறந்தது. பிழை என்னுடையது, மறைத்துப் பயனில்லை.

பயணப் பைகளையும் பேருந்து இருக்கைகளையும் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். எந்தப் பையில் தண்ணீர்ப் பாட்டில் குனிந்தால் விழும், எந்த இருக்கையில் முழங்கால் இடிக்கும் என்பது போன்ற உலகத்துக்கு மிக அவசியமான சங்கதிகள். உதாரணத்துக்கு ஒரு பெண்ணைப் பேருந்தில் ஏற்றி, கடைசி வரியில் இப்படி இறக்கிவிட்டேன்: "அவள் அடுத்த நிறுத்தத்தில் இரங்கினாள்."

என் மனைவிக்கு மெய்ப்புத் திருத்துவது தொழில். சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, காகிதத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"என்னங்க இது, சின்ன ர போட்டிருக்கீங்க?"

"கை தவறிடுச்சு."

"சரி, கை தவறிடுச்சு. அவ இறங்கினாளா, இரங்கினாளா? இரங்கினான்னா யார் மேல இரங்கினா?"

கட்டுரை அத்தோடு நின்றுபோனது. அந்தப் பெண் மட்டும் கம்பியைப் பிடித்தபடி பேருந்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் சாப்பிடும்போதும் நின்றாள், பல் துலக்கும்போதும் நின்றாள். பாவம், எத்தனை நாள்தான் நிற்பாள் என்று இந்தக் கதையைத் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்: "மதியம் இரண்டு மணிப் பேருந்துக்கென்று தனியாக ஒரு தூக்கம் உண்டு, அது முன்வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு தலையாகச் சாய்த்துக்கொண்டே பின்னால் வந்து—"

[நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தூக்கத்தில் தொடங்கினால் நீங்களும் தூங்கிவிடுவீர்கள்.]

இரண்டாம் தொடக்கம்: "அவள் தோளில் தொங்கிய பை, ஒரு—"

[ஒரு என்ன? உவமை தேடியதில் அரை மணி நேரம் போயிற்று. பை பையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.]

மூன்றாம் தொடக்கம் இல்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

அவள் பை தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வடிவமைப்பாளர். ஜிப் விஷயத்தில் பெரிய பிடிவாதக்காரி. ஒரு ஜிப் நூறு தடவை திறந்து மூடினாலும் சிக்கக்கூடாது என்று உட்கார்ந்து திறந்து மூடிக்கொண்டே இருப்பாள். அதனால் கம்பெனியில் எல்லாரும் அவளை 'ஜிப்பு' என்றே கூப்பிட்டார்கள். வேறு பெயர் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

ஜிப்புவுக்கு ஓர் அக்கா. தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. ஒரு நாள் படியில் விழுந்து, தோள் நரம்பு அறுந்து, வலது கை அசைவற்றுப் போனது. "வலது கை ஸ்ட்ரைக் பண்ணிடுச்சுடி" என்று அக்காவே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். பிறகு இடது கையாலேயே கடிதங்களைப் பிரிக்கப் பழகி, அதே மேசைக்குத் திரும்பிவிட்டாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது.

"ஏன்டி, ஒத்தக் கையால திறக்கற மாதிரி எனக்கு ஒரு பை செஞ்சு குடேன்" என்றாள் அக்கா.

ஜிப்பு வாயில் சாப்பாட்டோடு, ஆபீஸில் நாள் முழுக்கப் பேசிய அதே குரலில் சொன்னாள்: "அதுக்கெல்லாம் மார்க்கெட் இல்லக்கா."*

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் மார்க்கெட்டைக் கேக்கல. உன்னைக் கேட்டேன்."

அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அதற்குப் பிறகு ஜிப்பு போன் செய்தால் அக்கா எடுப்பதில்லை. ஜிப்புவுக்கு அம்மா அப்பா கிடையாது, அக்கா ஒருத்திதான். அந்த ஒருத்தியும் பேசவில்லை என்றால் வீட்டில் விளக்கைப் போடக்கூட மனம் வராது. அப்படித்தான் இருந்தாள் ஜிப்பு.

* இந்த வரியை மூன்று முறை அடித்துப் பார்த்தேன். அடித்தால் அக்காவும் தங்கையும் சந்தோஷமாக இருக்கிறார்கள், எனக்குக் கதை இல்லை. எழுதுகிறவன் எவ்வளவு கெட்டவன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4

ஆறு மாதமாக, கம்பெனிக்குத் தெரியாமல் ஜிப்பு ஒரு பை தைத்தாள். அதைச் சோதிக்கப் பேருந்தில்தான் போனாள். வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, இனி இது இல்லை என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். இருக்கும் ஒரு கையும் கம்பியைப் பிடிக்கப் போய்விடும். மீதி என்ன இருக்கிறது? பல்தான் இருக்கிறது.

முதல் மாதிரி பல்லால் திறக்கும்படி இருந்தது. பேருந்து ஒரு குலுக்குக் குலுக்கியதில் உதடு கிழிந்தது. இரண்டாவது தாடையால் அழுத்தித் திறப்பது. அதைத் திறக்கும்போது எதிர் இருக்கைக்காரர், தன்னைப் பார்த்துத் தலையாட்டுகிறாள் என்று நினைத்துப் பதிலுக்குத் தலையாட்டினார். மூன்றாவதில்தான் பிடி கிடைத்தது. கம்பியை முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டால் கை விடுபடும். அப்போது விரல் எட்டும் உயரத்தில் பையின் வாய் இருக்கவேண்டும். ஜிப்பை இழுக்க ஒரு கை, துணியைப் பிடிக்க ஒரு கை என்று இரண்டு வேண்டுமாதலால் ஜிப்பே கூடாது. காந்தம் வைத்தாள். ஜிப்பு, ஜிப் இல்லாத பை செய்தாள்!

[இங்கே சிரிக்கலாம். நான் சிரித்தேன்.]

அப்படி நின்று நின்று ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. பேருந்தில் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் ஒற்றைக் கைக்காரர்கள்தான். ஒரு கை கம்பிக்குப் போய்விடுகிறது. குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சில்லறை தேடுகிறவர், குழந்தையின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே போன் பேசும் அம்மா, பயணச்சீட்டை உதட்டில் கவ்வியிருக்கும் மாணவி. கண்ணாடியில் மழை வழிய, எல்லாரும் ஒரே திசையில் மெல்லச் சாய்ந்து, ஒரே திசையில் நிமிர்ந்தார்கள். நீருக்குள் இருப்பதுபோல அரை வெளிச்சம். மார்க்கெட் இல்லை என்று தான் ஒதுக்கியது இவர்களைத்தானா என்று அவள் நினைத்தாள்.

5

வியாழக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. ஆகவே ஜிப்பு வியாழன்தோறும் மதியம் பையை எடுத்துக்கொண்டு ஏழாம் எண் பேருந்தில் ஏறினாள். அக்கா வீட்டு நிறுத்தம் வரும். கதவு திறக்கும். அவள் நின்றுகொண்டே இருப்பாள். பேருந்து கடைசி நிறுத்தம் போய், திரும்பி, அவளை ஏற்றிய இடத்திலேயே கொண்டுவந்து விடும். நான்கு வியாழன் இப்படிப் போயின.

ஐந்தாவது வியாழன் நான் பொறுமை இழந்தேன். என் பிழையை எடுத்துப்போய்ப் பேருந்துக் கதவின் மேல் ஒட்டினேன். [அப்படி ஒரு பேருந்து எங்கேயும் ஓடவில்லை. பழி முழுக்க என்மேல்.] இறங்கும் வழி என்று இருக்கவேண்டிய இடத்தில், பெரிய நீல எழுத்தில்:

இரங்கும் வழி

அதைப் பார்த்தால் மனம் இளகி இறங்கிவிடுவாள் என்பது என் கணக்கு.

ஜிப்பு பார்த்தாள். நடத்துநரைக் கூப்பிட்டாள்.

"சார், எழுத்து தப்பா இருக்கு."

நடத்துநர் அண்ணாந்து பார்த்தார். "ஆறு மாசமா இப்படித்தாம்மா ஓடுது. இதுவரைக்கும் எல்லாரும் சரியாத்தான் இறங்கியிருக்காங்க."

"அர்த்தமே மாறுது சார்."

"மாறினா என்னம்மா, கதவு அதேதானே? நீங்க இறங்கறீங்களா இல்லையா?"

அவள் இறங்கவில்லை. நான் ஒன்று நினைக்க, அவள் வேறொன்று நினைத்துவிட்டாள். இந்த வழியாக இந்தப் பையோடு போய் நின்றால் இது இரக்கம்தானே? அக்கா பையைப் பார்ப்பாள், தங்கை முகத்தைப் பார்ப்பாள், பாவப்பட்டுச் செய்துகொண்டு வந்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவாள். கேட்டபோது கொடுத்திருந்தால் அது தங்கை கொடுத்த பை. இப்போது கொடுத்தால் தர்மம். அக்கா தர்மம் வாங்குகிற ஆள் இல்லை.

கதவு மூடியது. அந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலோரம் நின்றேன்.

6

"திருத்திடுங்களேன், ஒரு எழுத்துதானே" என்றாள் மனைவி.

"கதவுல திருத்தலாம். அவ மனசுல படிச்சிட்டாளே."

நான் யோசித்து வைத்திருந்த முடிவுகளை மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

(அ) ஜிப்பு போய் மணியை அடிக்கிறாள். அக்கா திறக்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். மனைவி: "ரெண்டு வருஷக் கோபம் ரெண்டு வரியில போயிடுமா? ரொம்பச் சல்லிசா இருக்கு."

(ஆ) பையை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறாள். மனைவி: "யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க."

(இ) பையைக் கம்பெனியிடம் காட்டுகிறாள், பை ஊரெல்லாம் விற்கிறது, அக்கா ஒரு நாள் கடையில் அதைப் பார்த்து— மனைவி இதை முழுதாகப் படிக்கவே விடவில்லை. "அந்த அக்கா மார்க்கெட்டைக் கேக்கலன்னு நீங்கதானே எழுதினீங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "சரி, நீயே சொல்லு. அவ இறங்கமாட்டேங்கறா. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் கையிலிருந்த வேறு யாருடைய புத்தகத்திலோ ஒரு கால்புள்ளியைத் திருத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அவ இறங்கலைன்னா அக்காவை ஏத்துங்க."

முப்பது வருடமாக எழுதுகிறேன். இது எனக்குத் தோன்றவில்லை.

7

அதே ஐந்தாவது வியாழன். பேருந்து கடைசி நிறுத்தம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. வழியில் ஏதோ கூட்டம் கலைந்து, பேருந்து நிரம்பிவிட்டது. ஜிப்பு நடுவில் நெருக்கப்பட்டு, அரைத் தூக்கத்தில் நின்றாள். எந்தத் தெருவில் போகிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா வீட்டு நிறுத்தத்தில் நாலைந்து பேர் ஏறினார்கள். அதில் முதுகில் பை மாட்டிய ஒருத்தி கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, இடது கையால் கம்பியைப் பிடித்து, ஜிப்புவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பின்னந்தலையில் நரை கூடியிருந்தது. அந்தக் கழுத்தை ஜிப்புவுக்குத் தெரியும். சின்ன வயதில் அதைக் கட்டிக்கொண்டு எத்தனை தூரம் உப்புமூட்டை போயிருக்கிறாள்!

தூக்கம் எங்கே போயிற்றோ.

பேருந்து கிளம்பியது. நடத்துநர் நெருங்கினார். அக்கா முன்னால் பார்த்தபடியே, பொதுவாக, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:

"பின்னாடி யாராவது இந்தப் பையைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன். முன் அறையில பாஸ் இருக்கு."

கூச்சமில்லாத குரல். ஜன்னலைச் சாத்துங்கள் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். தினமும் யாரோ திறந்திருக்கிறார்கள், தினமும் அவள் கேட்டிருக்கிறாள். கூட்டத்தில் நாலு பேர் கை இப்படித்தான் நாலு பேருக்கு உதவுகிறது. அதற்கு இரக்கம் என்று பெயர் வைப்பார்களா? இட நெருக்கடி என்பார்கள். ஜிப்பு ஆறு மாதமாக ஒரு கையை ஒளித்துக்கொண்டு யோசித்ததை, அக்கா ஒரே வரியில் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். இதேபோல ஒரு வரியில் தங்கையிடம் கேட்டபோதுதான் கிடைக்கவில்லை.

ஜிப்பு வலது கையைக் கோட்டிலிருந்து எடுத்தாள். ஒரு கையால் துணியைப் பிடித்து, மறு கையால் ஜிப்பை இழுத்தாள். அவள் கம்பெனிப் பைதான் அது. அவளே தேர்ந்தெடுத்த ஜிப். சிக்காமல் திறந்தது. பாஸை எடுத்து நடத்துநரிடம் காட்டி, திரும்ப வைத்து, மூடினாள்.

"தேங்க்ஸ்மா" என்றாள் அக்கா, திரும்பாமல்.

8

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். [முடியவில்லை என்று படிக்கவும்.]

ஜிப்புவின் தோளில் காந்தம் வைத்த பை தொங்குகிறது. அக்காவின் பின்னங்கழுத்து ஒரு முழம் தள்ளி இருக்கிறது. இன்னும் எத்தனை நிறுத்தம் அக்கா வருவாள் என்பது எனக்குத் தெரியாது. அடுத்ததிலேயே இறங்கிவிடலாம். ஜிப்பு வாயைத் திறந்தால் குரலை அக்கா கண்டுபிடித்துவிடுவாள். திறக்காவிட்டால் யாரோ ஒரு பயணியாகவே வீட்டுக்குப் போவாள்.

அவள் சொல்லவேண்டியதைப் பதினோரு விதமாக எழுதிப் பார்த்தேன். மன்னிப்பு உள்ளவை ஐந்து, பையைப் பற்றியவை நான்கு, அழுகை இரண்டு. எல்லாவற்றையும் என் மனைவி சிவப்பு மையில் அடித்தாள். அடிக்காமல் விட்டது ஒரே ஒரு வார்த்தையை. அதில் பிழை எதுவும் இல்லை என்று சொன்னாள்.

அந்த வார்த்தையும் காகிதத்தில்தான் கிடக்கிறது. காகிதத்துக்குக் குரல் கிடையாது. நான் எத்தனை பெரிய எழுத்தில் எழுதினாலும் அந்தப் பேருந்தில் யார் காதிலும் விழாது. உங்களுக்குக் குரல் இருக்கிறது. வீடோ, வரிசையோ, ஓடுகிற வண்டியோ, இப்போது எங்கே இருந்து இதைப் படிக்கிறீர்களோ, பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை, வாய்விட்டு ஒருமுறை சொல்லுங்கள்:

"அக்கா."