நல்லதம்பி வாத்தியாரின் அந்திச் செபம்

மைக்ரோஃபிலிம் திரையில் அந்தப் பக்கம் வந்து நின்றதும் ரூபவதிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கொடி பறந்த காலத்துக் கையெழுத்துப் பிரதி, அந்திச் செபம். ஏசுவின் பெயரால் தொடங்கும் செபத்துக்கு மேலே, கைப்பழக்கத்தில் விழுந்த ஒரு பிள்ளையார் சுழி!

அச்சுப் புத்தகத்தில் இருப்பது ஜெர்மன் பாதிரியாரின் பெயர். உண்மையில் எழுதியது அவரா, அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த நல்லதம்பி வாத்தியாரா என்பதுதான் பெர்க்லியில் ஐந்து வருடமாக அவள் கட்டி அழுத ஆராய்ச்சி. சுழி மட்டும் போதாது. பாதிரியார் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதியிருக்கலாமே என்று பேராசிரியர் மடக்குவார். ஆனால் முதல் வரிக்குப் பக்கத்தில், தத்தித் தத்தி நடக்கும் தமிழில் பாதிரியாரே, ‘இதற்கு என்ன பொருள்?’ என்று கேட்டிருந்தார். கீழே வாத்தியார் பொறுமையாக விளக்கியிருந்தார். தான் சொன்னதற்குத் தானே பொருள் கேட்கிற மனிதர் உலகத்தில் உண்டா?

ஃப்ரீவேயில் வீடு திரும்பும்போது அந்தச் சந்தோஷம் பாதி வழியிலேயே வடிந்துவிட்டது. நல்லதம்பி கடைசிவரை மதம் மாறாதவர். அம்மாவுக்கோ அந்தச் செபம்தான் உயிர். அப்பாவின் சவப்பெட்டிமேல் கைவைத்து அவள் சொன்னது அதைத்தான். அதை அவளிடமிருந்து பிடுங்க ரூபவதிக்கு மனமில்லை. மறைக்கலாம் என்றால், முகத்தைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

ஃப்ரீமான்ட் வீட்டில் அம்மா நேசம்மாள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கன்ஃபார்ம் ஆயிடுச்சும்மா. பாதிரியார் இல்ல, நல்லதம்பி வாத்தியார்தான்.”

“ஞானஸ்நானம் வாங்கினவரா?”

“இல்லம்மா. சாகுறவரைக்கும் திருநீறுதான்.”

கத்தி நின்றது. “நம்பாமலா இப்படி எழுதினாரு?”

“தெரியலம்மா. அதை எப்படி ப்ரூவ் பண்றது?”

“அப்போ உங்கப்பாவுக்கு நான் யாரோட செபத்தைடி சொன்னேன்?”

ரூபவதியிடம் அடிக்குறிப்புகள் எத்தனையோ இருந்தன. ஆனால் அவளுக்கு அழுகைதான் வந்தது. அம்மா சமாதானப்படுத்தவில்லை, கத்தியை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல வெளியே வந்து, பாயை விரித்து, முக்காடிட்டு முழங்காலிட்டாள். முதல் வரி வரவில்லை. உதடு திறந்தது, மூடியது. இனி வரவே வராதோ என்று ரூபவதி பயந்தாள்.

கண்ணைத் திறக்காமலே அம்மா கேட்டாள்: “அவரு பேரு என்னடி சொன்ன?”

“நல்லதம்பி.”

நேசம்மாள் சற்று நகர்ந்து, பாயில் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டாள்.