மூன்று வெள்ளைத் துவாலைகள்

"கல்யாணப் பொண்ணுக்காம்மா?" என்று கேட்டபடியே கடைக்காரர் இன்னொரு கட்டைப் பிரித்தார்.

நெஸாஹத் "ஆமா" என்று சொல்லிவிட்டாள். அக்கா இறந்ததும் உடலைக் கழுவப் போகிற பெண்களுக்குக் கொடுக்க என்று, அதுவும் அவள் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது, எந்த வாயால் சொல்வது? அவர் "நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்தி, கனமான, மெத்தென்ற மூன்று வெள்ளைத் துவாலைகளை எடுத்துக் கொடுத்தார்.

துருக்கியின் புர்ஸா நகரில், ஹமாம் எனப்படும் பழைய பொதுக் குளியல்கூடம் ஒன்றில் முப்பது வருடம் பெண்களுக்கு முதுகு தேய்த்துக் குளிப்பாட்டியவள் அக்கா முகெர்ரெம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயிற்றில் கட்டி. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லி இரண்டு வாரமாகிறது. "என்னைக் கழுவறவங்களுக்கு ஆளுக்கொரு துவாலை குடுக்கணும். கண்டதையும் வாங்கிட்டு வந்து என் மானத்தை வாங்காத" என்று சொல்லித்தான் தங்கையைக் கடைக்கு அனுப்பியிருந்தாள்.

படுக்கையில் கிடந்தபடியே துவாலையைத் தடவிப் பார்த்தாள் முகெர்ரெம். மருந்து குடிக்க வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டாள். அது முத்துப் போல உருண்டு ஓடி விளிம்பில் நின்றது.

"பாத்தியா? பருத்தி நல்லதுதான். மேல ஏதோ பூசி வழவழன்னு ஆக்கியிருக்கான். மூணு தடவையாவது துவைக்கணும். வாசனைத் தண்ணி கீது ஊத்தின, எந்திரிச்சு வந்து அடிப்பேன்."

"நீ எந்திரிச்சா சரி, அடிச்சுக்கோ."

இருவரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு இருமலாக மாறியது.

நெஸாஹத் தினமும் ஒரு தடவை துவைத்தாள். உதறி, பால்கனி நிழலில் காயப்போட்டாள். ஒரு சாவுக்காக இவ்வளவு சிரத்தையாகத் துவைக்கிறோமே என்று நினைக்கும்போதெல்லாம் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிடுவாள். நான்காம் நாள் விட்ட சொட்டு, விழுந்த இடமே தெரியாமல் உள்ளே போய்விட்டது. முகெர்ரெம் திருப்தியாகத் தலையசைத்தாள். தங்கை மூன்றையும் மடித்துப் பையில் வைக்கப்போனாள்.

"ஒண்ணை வெளிய வை."

"எதுக்குக்கா?"

"உடம்புல சூடு இருக்கறப்பவே ஒரு தடவை யாராவது என்னைக் குளிப்பாட்டட்டும். நான் எத்தனை பேரைக் குளிப்பாட்டியிருக்கேன்."

குளியலறையில் முக்காலி போட்டு அக்காவை உட்காரவைத்தாள். உடம்பு சின்னப் பெண்ணினுடையதுபோல இருந்தது. அவசரமாக மொண்டு ஊற்றிய வெந்நீர் முகத்தில் கொட்டிவிட்டது.

"மெதுவாடி. இது தையல் வேலையில்ல."

நெஸாஹத்தின் கை அப்படியே நின்றது. எட்டு வருடம் முன்பு தன் மகளின் நிச்சயதார்த்தத்தில், அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று சம்பந்தியம்மாள் கேட்டபோது, ஹமாம் என்று சொல்லக் கூசி, "தையல் வேலை" என்று அவள்தான் சொன்னாள். அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் காதில் விழவில்லை என்றே இத்தனை நாள் நம்பியிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான்..."

"தண்ணி ஆறுது. ஊத்து."

ஊற்றினாள். குளித்து முடித்ததும் துவாலையைச் சுற்றினாள். அது இரண்டு சுற்று வந்தது. முகெர்ரெம் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். நெஸாஹத் ஈரத்தரையில் மண்டியிட்டு, துவாலையின் நுனியால் அக்காவின் பாதங்களைத் துடைத்தாள். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஈரம் போன பிறகும் அவள் கை நிற்கவில்லை.