நீலக் குருவி கெட்டிலுக்கு ஒரு மூடி

ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் புராணத் தொடர் ஆரம்பித்துவிட்டால் அம்பத்தூரில் தெருநாய்கூட நடமாடாது. டிவி இருக்கிற ஒரே வீட்டில் மொத்தத் தெருவும் போய் உட்கார்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பூங்காவனம் ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். ஊரே சாமி பார்க்கும்போது இவள் மட்டும் சாமான் பார்க்கப் போகிறாளே என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவளுக்கென்ன!

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் அவளுக்கு பேக்கிங் வேலை. வாரம் முழுக்க போல்ட்டையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு ஒருநாளாவது வேறு ஏதாவது வேண்டாமா? யாருக்கு மாற்றல், யார் பிள்ளையோடு வெளியூர் போகிறார்கள், யார் வீட்டைக் காலி பண்ணுகிறார்கள் என்ற சேதியெல்லாம் எப்படியோ அவள் காதுக்கு வந்துவிடும். அப்படிக் காலி பண்ணுகிறவர்கள் சாமான்களைக் கூடத்தில் பரப்பி வைத்து, வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த வீடுகளின் வாசற்படி ஏறும்போதே அவளுக்கு நெஞ்சு படபடக்கும். பரணிலிருந்து இறங்கிய தூசி மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குத் தும்மல் வரும், அவளுக்குச் சந்தோஷம் வரும். எந்த மூலையில் எது கிடக்குமோ, யார் கண்டது!

அப்படி ஆவடியில் ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் கிடைத்ததுதான் அந்த பீங்கான் கெட்டில். வெள்ளை உடம்பு, அதில் கிளை மேல் உட்கார்ந்திருக்கும் நீலக் குருவி. என்ன அழகு! ஆனால் மூடி இல்லை. அதன் தலையில் எவர்சில்வர் கிண்ணியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். வேட்டி கட்டிய மனுஷனுக்குப் போலீஸ் தொப்பி போட்ட மாதிரி இருந்தது. அன்று பிடித்தது அந்த மூடிப் பைத்தியம். எந்த வீட்டுக்குப் போனாலும் கெட்டிலைத் துண்டில் சுற்றிக் கூடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். கண்ணில் பட்ட மூடியையெல்லாம் அதில் பொருத்திப் பார்த்தாயிற்று. எதுவும் சேரவில்லை.

"மூடிக்காக ஊர் ஊரா அலையற பொம்பளைய இப்பதான் பாக்கறேன்" என்பான் அவள் புருஷன் வீராசாமி.

"உனக்கு இன்னா தெரியும், போயா" என்பாள் பூங்காவனம்.

இந்த வேட்டையில் அவளுக்கு ஒரு போட்டிக்காரியும் இருந்தாள். திருநின்றவூர் தாட்சாயிணி. எந்த வீட்டுக்குப் போனாலும் இவளுக்கு முன்னால் வந்து நிற்பாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி ஒரே வித்தையைக் கையாண்டார்கள். வேண்டிய சாமானை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. வேண்டாததைத் தடவிக் கொடுத்து, விலை கேட்டு, பெருமூச்சு விட வேண்டும். வேண்டியதைக் கடைசியில் போனால் போகிறதென்று கேட்க வேண்டும். ஆசை தெரிந்தால் விலை ஏறும், இல்லாவிட்டால் மற்றவள் கொத்திக்கொண்டு போவாள். அதனால் இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒருத்தியிடம் மற்றவள் ஒரு உண்மைகூடப் பேசியதில்லை.

அன்றைக்குச் சென்னீர்குப்பத்தில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்கார அம்மாள் பார்வதம் மகனோடு பெங்களூருக்கே போகிறாள். பூங்காவனம் நுழைந்தபோது தாட்சாயிணி ஏற்கெனவே பித்தளை பாய்லரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். இருவரும் பல்லைக் காட்டிக்கொண்டார்கள்.

பூங்காவனம் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மேடை மேல் ஒரு ஊறுகாய் ஜாடி. அதன் வாயில் ஒரு சின்ன வெள்ளை மூடி. மூடியின் மேல் நீலக் குருவி.

அவளுக்குக் காது அடைத்துப்போனது. ஓடிப்போய் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் தாட்சாயிணியின் கண் இருக்கிறதே! சட்டென்று திரும்பி, கூடத்துச் சுவரில் தொங்கிய பழைய கடிகாரத்திடம் போய் நின்றாள். கண்ணாடிக் கதவு போட்ட தேக்குப் பெட்டி. திறந்து பார்த்தால் முகப்புக்குப் பின்னால் மெஷினே இல்லை. ரொம்ப நல்லதாகப் போயிற்று. இதை அவள் தலையில் கட்டிவிட்டு, அவள் போனதும் நிதானமாக மூடியைக் கேட்கலாம்.

"அடடா, இன்னா வேலப்பாடு! இன்னா வெல சொல்றீங்கம்மா?"

"ஓடாதும்மா அது" என்றாள் பார்வதம்.

"ஓடாட்டி பரவால்லமா. எனக்கு ரொம்ப புட்ச்சிகீது."

நினைத்த மாதிரியே தாட்சாயிணி பாய்லரை விட்டுவிட்டு ஓடிவந்தாள். இவள் ஒரு விலை கேட்க, அவள் அதற்கு மேல் கேட்க, இவள் வேண்டுமென்றே இன்னும் ஏற்றிவிட, கடைசியில் கடிகாரம் தாட்சாயிணிக்கே போனது. பூங்காவனம் உள்ளுக்குள் குதித்தாள்.

காசைக் கொடுத்துவிட்டு தாட்சாயிணி நகரவில்லை. "இவ்ளோ குட்த்து வாங்கிகீறேன், கொசுறு ஒண்ணும் இல்லியாமா?"

கத்தரிக்காய் வாங்கினாலே மேலே ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்கிற ஊர். கேட்டதில் தப்பில்லை. பார்வதம் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். வெளியே வந்தபோது அவள் கையில் ஊறுகாய் ஜாடி இருந்தது, மூடியோடு.

"டீ செட்டெல்லாம் உடைஞ்சு போச்சு. இந்த மூடிதான் மிச்சம், ஜாடிக்குப் போட்டு வெச்சிருந்தேன். எடுத்துக்கோம்மா."

பூங்காவனம் அந்த மூடியையே பார்த்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தால் தானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே!

பஸ் ஸ்டாப்பில் ஆவடி பஸ்ஸுக்காக இருவரும் நின்றார்கள். தாட்சாயிணி கடிகாரத்தைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்தாள். பூங்காவனத்தால் அதற்கு மேல் முடியவில்லை. வித்தையாவது ஒன்றாவது!

"அக்கா, அந்த மூடி எனக்கு வோணும்."

"எந்த மூடி?"

"ஜாடி மேல கீதே, அதான். வேற ஒண்ணும் வோணாம்."

தாட்சாயிணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "யாராண்ட ரீல் உடற? மூடிய கேக்கற மாரி கேட்டு ஜாடிய அட்ச்சிகினு போலாம்னு பாக்கறியா?"

"சத்தியமாக்கா! மூடி மட்டும்தான்!"

"சரி, மூடி தானே? இந்தா, புடி. ஜாடி மேல கைய வச்சே, அவ்ளோதான்!"

மூடி கைக்கு வந்துவிட்டது. பூங்காவனம் அங்கேயே தரையில் உட்கார்ந்து கூடையைக் கவிழ்க்காத குறையாகக் கெட்டிலை வெளியே எடுத்தாள். துண்டை உருவிப் போட்டாள். சேருமா? ஒரு பக்கம் இடித்தது. உயிரே போய்விட்டது. லேசாகத் திருப்பினாள். டக்கென்று உட்கார்ந்தது.

"அய்யோ, சேந்துச்சு! அக்கா, சேந்துகிச்சு!" என்று கத்தியதில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

தாட்சாயிணி வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி, நெசமாவா சொன்னே?"

உண்மை ஒருதரம் வாயைத் திறந்துகொண்டால் அப்புறம் நிற்காது போலிருக்கிறது. "அக்கா, கோச்சுக்காத. அந்தக் கடியாரத்துல மெஷினே இல்ல. வெறும் பொட்டிக்கா. தெரிஞ்சேதான் உன் தலைல கட்னேன்."

தாட்சாயிணி கடிகாரத்தின் கதவைத் திறந்து பார்த்தாள். கொஞ்சங்கொஞ்சமாகத் தோள் குலுங்கியது. பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அட லூசே! எனக்கும் பொட்டிதான் வோணும். பழைய செண்டு பாட்டிலுங்களா சேத்து வச்சிகினு கீறேன். கண்ணாடி போட்ட பொட்டிக்கு எத்தினி ஊடு ஏறி எறங்கனேன் தெரியுமா? யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அந்த பாய்லர சுத்திகினு இருந்தா, நீ வந்து இத தடவற. என் உசுரே போச்சு!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஒரு பஸ் வந்து நின்று போனதுகூடத் தெரியவில்லை.

அடுத்த பஸ்ஸில் பூங்காவனம் கெட்டிலைத் துண்டில் சுற்றவில்லை. மடி மேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டாள்.

"அழகா கீதே, இன்னாமா இது?" என்று பக்கத்து சீட்டுக்காரம்மா கேட்டாள்.

இத்தனை வருஷம் ஆசையை மூடி மூடியே வைத்தவள், ஆவடி வருகிறவரை அந்த அம்மாவை வாய் திறக்க விடவில்லை.