இருபத்துமூன்றாவது படம்

வான்மதிக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் துப்பட்டாவை வெடுக்கென்று இழுத்துக்கொண்டபோது செழியன் சிரித்துக்கொண்டிருந்தானா, இல்லையா?

அவன் முகம் மட்டும் நினைவில் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. பண்ணையின் சிவப்புக் கொட்டகை, வைக்கோல் வாசனை, வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவரின் தொப்பியில் இருந்த எண்ணெய்க் கறை வரைக்கும் இருந்தது.

1998, அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை. வகுப்பில் எல்லாரும் பூசணித் தோட்டம் போய்வந்துவிட்டார்கள் என்று ஏழு வயது மகள் கயல் இரண்டு வாரமாக அழுதுகொண்டிருந்தாள். அவர்கள் குடியிருந்த அமெரிக்க ஊரான எடிசனிலிருந்து முக்கால் மணி நேரம் தெற்கே போனால் ஒரு குடும்பம் பரம்பரையாக நடத்தும் பண்ணை. அதே அபார்ட்மென்ட்டில் இருந்த வெள்ளியங்கிரியும் அவர் மனைவி சாந்தாமணியும் கூட வந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள், பத்து வயது மூத்தவர்கள். வெள்ளியங்கிரியை வான்மதி அண்ணா என்பாள். அவர் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டாள்.

டிராக்டர் இழுத்த வண்டி அவர்களைத் தோட்டத்தின் நடுவில் இறக்கிவிட்டது. கொடி காய்ந்து கிடந்த மண்ணில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆரஞ்சு நிறக் காய்கள். செழியன் ஒவ்வொன்றின் முன்னும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரல் முட்டியால் தட்டினான்.

"ஏனுங்க, கதவா அது? தட்டிக்கிட்டே இருக்கறீங்க?" என்றாள் வான்மதி.

"காம்பு காஞ்சிருக்கோணும், நகம் இறங்கக் கூடாது. இந்த ஊர்க்காரங்க கண்ணு மூக்கு வெட்டி வாசல்ல வெக்கறதுக்கு வாங்கறாங்க. நாம பொரியலுக்கு வாங்கறோம், மதி."

"வாங்கறது சரி. மொத வெட்டு நீங்கதான் போடோணும். முழுக் காய நான் வெட்ட மாட்டேன்."

"வொய்?" என்றாள் கயல்.

"பொம்பளைங்க முழுப் பூசணிய மொதல்ல வெட்டக் கூடாதாம் கண்ணு. அதுக்குத்தான் அப்பாவ வெச்சிருக்கா உங்கம்மா. இல்லாட்டி எப்பவோ தொரத்தியிருப்பா," என்றான் செழியன்.

"தட்ஸ் நாட் ஃபேர்," என்றாள் கயல்.

கடைசியில் அவன் தேர்ந்தெடுத்தது ஒரு கைக்குழந்தையின் இருமடங்கு கனம் இருக்கும். பண்ணைக்காரப் பெண் தள்ளுவண்டியைக் காட்டினாள். அவன் தலையாட்டி மறுத்துவிட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"சந்தையில மூட்டை தூக்கின தோளுங்ண்ணா இது."

"அது இருவது வருசத்துக்கு முந்தின தோளு மாப்ள," என்றார் வெள்ளியங்கிரி. "இப்ப மவுஸ் தூக்கற தோளு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்தே அவனைக் கொட்டகை வரை நடக்க விட்டார்கள்.

கொட்டகை வாசலில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அவற்றின்மேல் சோளக்கொல்லைப் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பழைய சட்டை, கிழிந்த ஜீன்ஸ், முகம் மறைக்கும் ஓலைத் தொப்பி. செழியன் காயை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பொம்மைகளுக்கு நடுவில் பொத்தென்று உட்கார்ந்தான். அந்தக் குளிரிலும் அவன் நெற்றி வேர்த்திருந்தது.

"மூச்சு வாங்குது. காலைல இருந்தே நெஞ்சு ஒரு மாதிரி பிடிச்சாப்பல."

"வாய்வா இருக்கும்," என்றாள் சாந்தாமணி. "காலைல உருளைக்கிழங்கு தின்னீங்கல்ல? சூடா ஏதாச்சும் உள்ள போனா ஏப்பம் வந்துரும்."

வான்மதிக்கும் அது சரியாகவே பட்டது. அவர்கள் வீட்டில் நெஞ்சு வலி என்று ஒன்று கிடையாது. வாய்வுதான் உண்டு. அதற்குச் சுக்கு உண்டு. சுக்கு இல்லாத இடத்தில், எதிரே சூடான ஆப்பிள் சாறு விற்றார்கள்.

வெள்ளியங்கிரி ஒரு பொம்மையின் தொப்பியைக் கழற்றிச் செழியன் தலையில் கவிழ்த்தார். கயல் துள்ளினாள். கழுத்தில் தொங்கிய கேமராவைத் தூக்கினாள். அப்போதுதான் அவன் கை நீண்டு வான்மதியின் துப்பட்டா முனையைப் பிடித்தது.

வீட்டில் அவன் அடிக்கடி செய்வதுதான். சமையலறையில் அவள் வேலையாக இருக்கும்போது பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, 'எங்க போறே?' என்பான். ஆனால் இங்கே? வெள்ளியங்கிரி அண்ணா இரண்டடி தூரத்தில் நிற்கிறார். வான்மதிக்குக் காதெல்லாம் சூடானது.

"விடுங்க. அண்ணா பாக்கறாரு," என்று பல்லைக் கடித்துச் சொல்லி, திரும்பிப் பார்க்காமலே ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு நடந்தாள். வெள்ளியங்கிரியும் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, பூசணிக்காயை எடை போடச் சாந்தாமணியுடன் போய்விட்டார்.

சாறு வாங்கும் வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். அவள் எண்ணினாள். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் ஆவி பறக்கும் கோப்பைகள். எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதியில் அந்தப் பெண் பின்னால் கைகாட்டி, "அந்த நடுவுல இருக்கற பொம்மைய எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்காங்க பாரு," என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனாள். வான்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய் அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

சொன்னாள்கூட. "உங்களப் பொம்மைன்னே நெனச்சுட்டாங்க, கேட்டீங்களா? இந்தாங்க." கோப்பையை அவன் கையில் வைத்தாள். கை மூடவில்லை. சூடான சாறு அவன் மடியில் கொட்டியது. அவன் அசையவில்லை.

அவள் தொப்பியைத் தூக்கினாள்.

அதன்பிறகு பண்ணைக்காரர் ஒருவர் அவனைத் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார். சைரன் வந்தது. வண்டியில் வந்தவர்கள் முழங்காலிட்டு என்னென்னவோ செய்தார்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. முப்பத்தெட்டு வயது என்று வெள்ளியங்கிரிதான் சொன்னார். வான்மதி சாறு பட்டுப் பிசுபிசுத்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இதைத் துடைக்கக் காகிதம் வேண்டும் என்று தோன்றியது. அது மட்டுமே தோன்றியது.

கோயம்புத்தூர் போய், நொய்யலில் அஸ்தி கரைத்துவிட்டுத் திரும்பியபோது நவம்பர் முடியப் போகிறது. வீட்டைத் திறந்தாள். சமையல் மேடையில் அந்தக் காய் அப்படியே இருந்தது. சாந்தாமணி கொண்டுவந்து வைத்திருந்தாள். அவன் சொன்னது சரிதான், முற்றிய காய். ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பக்கத்தில் கேமரா.

அந்த ஊரில் ஃபிலிம் கழுவித் தருவதும் மருந்துக்கடைதான்; அங்கே கொடுத்தாள். மறுநாள் உறையை வாங்கிவந்து, மேஜையில் வைத்து, கயல் டிவி பார்க்கும் நேரம் வரை காத்திருந்து பிரித்தாள்.

டிராக்டர். கொடி. காயைத் தட்டும் செழியன். தோளில் காய். அவள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

இருபத்துமூன்றாவது படம் ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்திலிருந்து எடுத்தது, கோணலாக. வான்மதியின் முதுகு. விறைத்த கயிறுபோல நீல நிறத் துப்பட்டா. அதன் மறுமுனையில் அவன் கை. துணியை விரல்களில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். முட்டிகள் வெளுத்திருந்தன. தொப்பியின் நிழலுக்குக் கீழே வாய் தெரிந்தது. திறந்த வாய். கீழுதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

சிரிப்பவனின் வாய் இல்லை அது.

வான்மதி படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அது நான் எடுத்தது."

கயல் பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, இன்று தட்டுத் தடுமாறித் தமிழில் பேசினாள்.

"நீ ஜூஸ் வாங்கப் போனே. அப்பா, அம்மாவக் கூப்புடு கண்ணுன்னு சொன்னாரு. நான், ஒன் மோர் பிக்சர்னு சொன்னேன்." உறையிலிருந்து கடைசிப் படத்தைத் தானே உருவி எடுத்தாள். பொம்மைகளுக்கு நடுவே, தொப்பி கவிழ்ந்து, ஒரு பொம்மை. "அப்புறம் அப்பா பேசல. கேம்னு நெனச்சேன். நானும் பொம்மை மாதிரி உக்காந்தேன். யார் ஃபர்ஸ்ட் மூவ் பண்றாங்கன்னு."

ஆறு வாரமாக இதை வைத்துக்கொண்டு இந்தக் குழந்தை தூங்கியிருக்கிறது. விமானத்தில் தூங்கியிருக்கிறது.

"நான் உன்னக் கூப்பிட்டிருந்தா?" என்றாள் கயல்.

வான்மதி இருபத்துமூன்றாவது படத்தை உள்ளங்கையால் மூடினாள்.

"கேம்தான் கண்ணு. அப்பா என்னை வம்பு பண்ணிட்டிருந்தாரு. நான் இழுத்தப்ப சிரிச்சுட்டுத்தான் இருந்தாரு. நான் பாத்தேன்."

"நிஜமா?"

"நிஜமா."

"பிராமிஸ்?"

கயல் அம்மாவின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். வீட்டில் சத்தியம் என்றால் அப்படித்தான். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் செழியன். பொய்ச் சத்தியம் யார் தலையில் கை வைத்துச் செய்கிறோமோ அவர்களைத்தான் தாக்கும் என்று சேர்த்தே சொல்லிக் கொடுத்திருந்தான்.

வான்மதி தன் கையை மெல்ல விடுவித்தாள். தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"சத்தியமா," என்றாள்.