கணினி காட்டிய தெரு

…தூக்கிக்கொண்டா போக முடியும், இவ்வளவு பெரிய பெட்டியையும் திரையையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அந்தக் கூச்சம்கூட இல்லாமல் கேட்கிறானே பெற்ற பிள்ளை, "நீ மாமா வீட்டுல உக்காந்து உன் மெயில் கணக்கத் திறந்திருக்கம்மா, மேப்ல அந்தத் தெருவத்தான் காட்டுது", காட்டினால் காட்டட்டும், காலையிலிருந்து இதே நாற்காலியில் யாருடைய பிறப்புச் சான்றிதழையோ மொழிபெயர்த்துக்கொண்டு முதுகு வலிக்க உட்கார்ந்திருக்கிறவள் அவள், அதை எந்த மேப் காட்டும்? கையில் இருப்பது பட்டன் போன், அதில் வேவு பார்க்க வழியில்லை, அதனால்தான் ஊருக்குப் போகுமுன் கணினியில் எதையோ தட்டிவிட்டுப் போனான், "எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தாம்மா"… பாதுகாப்பாம், யாரிடமிருந்து, கூடப்பிறந்த தம்பியிடமிருந்தா? தம்பி செய்த தப்பு என்ன, பெற்ற அம்மாவை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசின இவனை ஓங்கி ஒன்று வைத்தான், "அந்த ஆள் வாசப்படிய மிதிச்ச, அப்புறம் உனக்கு மகனே இல்ல" என்று இவன் கிளம்பினான்.

கணினி பழுதுபார்ப்பவரைப் போனில் கேட்டாள், அவர் சிரித்தார், "கம்ப்யூட்டருக்கு என்னம்மா தெரியும், வைஃபை பெட்டிய வெச்சுத்தான் இடத்த ஊகிக்குது, அந்தப் பெட்டி முன்ன வேற வீட்டுல இருந்துச்சா?" இருந்தது. தம்பி வீட்டில் இருந்தது. சண்டைக்குப் பிறகு ஒருநாள் வாசலில் நின்றபடியே நீட்டினான், "நான் புதுசு வாங்கிட்டேன்க்கா, இது சும்மா கெடக்கு", உள்ளே வா என்று அவள் சொன்னாளா… சொல்லவில்லை, மகனிடம் சொல்லிவிடுவார்களோ என்று பக்கத்து வீட்டு ஜன்னலைத்தான் பார்த்தாள். இப்போது இதை மகனிடம் எப்படி விளக்குவது? பெட்டி எப்படி வந்தது என்பான், யார் கொடுத்தது என்பான், அதற்கு இதை அணைப்பதே மேல், அமைப்புகள், தனியுரிமை, இருப்பிடம், இதோ நீலமாக ஒரு பொத்தான், இத்தனை நாள் இந்த இத்துனூண்டுக்கா பயந்தாள், அழுத்தினாள், சாம்பல் நிறமானது. போன் அடித்தது. வேலைக்குப் போகிறானா, இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறானா?

"ஏன் ஆஃப் பண்ண?"

"என் வீடு, என் கம்ப்யூட்டர்."

"அப்ப எதையோ மறைக்கற. மாமா வீட்டுக்குப் போனியா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"போகலடா."

சத்தியமான வார்த்தை, கொஞ்சமும் கலப்படமில்லை, ஊர் பேர் தெரியாத ஒரு பெட்டிகூட அவளைத் தம்பி வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது, அவளாக ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட… "நெஜமாவா?" என்கிறான் மறுமுனையில், கொஞ்சம் இறங்கிய குரலில், சந்தோஷமாக. அவனுக்குச் சந்தோஷம்!