சரட்டின் மேல் பட்டை

பனச்சமூட்டில் இன்வெர்ட்டர் போர்டு செய்யும் சின்னக் கம்பெனியில் அஜிதாதான் லைன் லீடர். புதிதாக வருகிற பெண்களுக்குப் பாடம் எடுப்பதும் அவள்தான். உடம்பிலும் உடுப்பிலும் நமக்கே தெரியாமல் கரண்டு ஊறி நிற்கும், அந்தக் கையோடு தொட்டால் போர்டிலுள்ள ஐசி சில்லு உள்ளுக்குள் செத்துப்போகும் என்பாள். சிலது உடனே சாகாது. இங்கே டெஸ்டில் பாஸாகி, கடைக்குப் போய்ப் பத்து நாளில் படுத்துவிடும். ஆகவே மணிக்கட்டில், அந்தக் கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த்துப் பட்டை கட்டாமல் எவளும் போர்டைத் தொடக்கூடாது. இதைச் சொல்லும்போது அஜிதாவின் கழுத்து சற்று நிமிரும். தலைக்கனம்தான், வேறென்ன.

போன மாதம் நாற்பது போர்டு பழுதாகித் திரும்பி வந்தது. எல்லாம் அஜிதாவும் ரெஜிலாவும் உட்காரும் மேசையில் பொருத்தியவை. மேனேஜர் தேவகுமார் காரணம் கேட்டார். அஜிதா யோசிக்கவே இல்லை.

"ரெஜிலாக்க நைலான் சேலையாக்கும் சார். நான் எத்தன வட்டம் சொல்லியாச்சு."

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ரெஜிலா தலை குனிந்து நின்றாள். அன்றே அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே ஏற்கெனவே ஆள் அதிகம்; இந்த மாதம் முடிந்ததும் அவளை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு.

இந்தத் திங்கட்கிழமை வாசலில் ஒரு புது மெஷின் வைத்தார்கள். பட்டையைக் கட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தவேண்டும். தோலில் சரியாகப் பட்டிருந்தால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்துவிட்ட அஜிதா அழுத்தினாள். சிவப்பு. மெஷினைத் திட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள். சிவப்புதான்.

பிறகுதான் மணிக்கட்டைப் பார்த்தாள். மகனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது கோயிலில் பூஜித்துக் கட்டிய சரடு. ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டுச் சுற்று. இரண்டு மாதமாகப் பட்டையை அதன் மேலேதான் கட்டியிருக்கிறாள். உள்பக்கத் தகடு தோலைத் தொட்டதே இல்லை. பட்டையைச் சரட்டுக்கு அப்பால் ஏற்றி, வெறும் தோலில் கட்டினாள். பச்சை எரிந்தது.

யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பேக்கிங் பக்கம் டேப் கிழிக்கும் சத்தம் கேட்டாலே முகம் எரிந்தது; இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை தேவகுமாரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நைலான் சேலை பற்றிச் சொன்ன பொய்யையும் சேர்த்து. வெளியே வந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று கொஞ்சம் பெருமைகூட எட்டிப்பார்த்தது. நேராகப் பேக்கிங்குக்கு நடந்தாள்.

"ரெஜிலா, தப்பு எனக்க கையிலயாக்கும். பட்டையச் சரட்டுக்க மேல கெட்டிட்டேன். சார்கிட்ட சொல்லியாச்சு. நாளைக்கு நீ மேசைக்கு வந்திரு."

ரெஜிலா டேப்பைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும் அக்கா. பக்கத்துலல்லா இருந்தேன். நான் அப்பவே கண்டேன்."

"பின்ன ஏன் மக்கா சொல்லல்ல?"

"பிள்ளைக்குக் காய்ச்சல் மாறக் கெட்டின சரடுல்லா. நான் சொன்னா, சர்ச்சுக்குப் போற வேதக்காரி கோயில் சரட்டக் குத்தம் சொல்லுகான்னு நீங்க சொல்லமாட்டியளா?"

அப்படிச் சொல்லுவேனா என்று கேட்க அஜிதா வாயெடுத்தாள். சொல்லியிருப்பாள். பனச்சமூடு முழுக்கச் சொல்லியிருப்பாள். அஜிதா மணிக்கட்டுச் சரட்டை மறுகையால் மூடிக்கொண்டு நின்றாள்.