பேன்சீப்பின் நன்றியுரை

வாய்மொழித் தேர்வு அறையில், தாங்கள் எழுதாத வரியை வாசிப்பவர்களுக்குக் குரல் எழும்பாமல் போனது தேர்வுக் கட்டணத்தை உயர்த்திய அதே வாரத்தில்தான். எல்லாரும் கட்டணத்தைப் பற்றித்தான் பேசினார்கள். முதலில் மாட்டியவன் நிர்வாகவியல் படித்த ஒருவன். அரை மணி நேரம் வாயசைத்தான். பக்க எண்கள் மட்டும் கணீரென்று கேட்டன. மைக் பழுதுபார்ப்பவர் வந்து ஒயரை மாற்றிப் பார்த்தார், மைக்கில் கோளாறில்லை, ஆளிடம்தான் என்று சொல்லி பில்லைக் கொடுத்துவிட்டுப் போனார். பல்கலைக்கழகம் அசரவில்லை. ஒரு வரி ஊமையானாலும் ஆய்வேடு திரும்பிப் போகும் என்று சுற்றறிக்கை விட்டது, அத்தோடு சரி.

அந்த அறைக்கு வெளியே எந்த வரியும் தாராளமாகக் கேட்கும். அதுதான் சிக்கல், முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் எழுதி வாங்கியவர்கள் பயந்தார்கள், நியாயம். வாங்காதவர்கள் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள். ஒரே ஒரு வரியைத் திருத்தித் தரச் சொன்னோமே, அதுவும் கணக்கில் சேருமா? எப்போதோ படித்தது மனசில் ஒட்டிக்கொண்டு, நம்முடையது மாதிரி வந்து உட்கார்ந்திருந்தால்? விடுதியில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அவர்களில் மகா பயந்தாங்கொள்ளி பேன்சீப்பு. ஒவ்வொரு வரியையும் அப்படி வாரிப் பார்ப்பாள் என்று கூட்டாளிகள் வைத்த பெயர். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சோப்பு ஆற்று மீனை என்ன செய்கிறது என்பது அவள் ஆய்வு. அம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்தான் வேலை. எட்டாவதோடு நின்றவள், மகள் படித்ததை ஒருநாளாவது காதால் கேட்க வேண்டுமென்று லீவு சொல்லிவிட்டு வருவதாக இருந்தாள். அவள் முன்னால் ஊமையாக நிற்க நேர்ந்தால் என்ற நினைப்பே மகளுக்குக் காய்ச்சலாக வந்தது. சந்தேகம் தட்டிய வரிகளையெல்லாம் வெட்டிவிட்டு மறுபடி எழுதினாள். நன்றியுரையை மட்டும் இயந்திரத்திடம் விட்டாள். மீனைப் பற்றி ஓடிய கை அம்மாவைப் பற்றி ஓடவில்லை. அதைப் போய் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

அன்றைக்கு அத்தியாயம் அத்தியாயமாகக் குரல் வந்தது. தேர்வாளர் குறுக்கே கேட்டதற்கெல்லாம் பதிலும் வந்தது. அம்மா புரிகிறதோ இல்லையோ தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், அம்மா வந்திருக்கிறாளே என்று, நன்றியுரையையும் வாசிக்கச் சொன்னார்கள். ‘அயராத அன்பின் ஊற்றாய்த் திகழ்ந்த என் அன்னைக்கு’ என்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி வாசித்தாள். முன்வரிசையில் அம்மா காதருகே கையைக் குவித்து முன்னால் சாய்ந்தாள். அதைப் பார்த்ததும் பேன்சீப்பு வாசிப்பதை நிறுத்தினாள். தாளைக் கீழே வைத்தாள்.

“என் ஆராய்ச்சிக்காக வாராவாரம் சலவைக்கூடத்து அழுக்குத் தண்ணி கேனை மடியில வச்சுக்கிட்டு பஸ்ல வந்தே. நாத்தம்னு பக்கத்துல யாரும் உக்காரல. ஒருநாள் நானும் தள்ளித்தான் உக்காந்தேம்மா.”

இது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆனாலும் சுற்றறிக்கை சுற்றறிக்கைதானே. ஆய்வேடு திரும்பி வந்தது. அந்த ஒரு பக்கத்தை மாற்றிக் கொடுத்து, பட்டம் கைக்கு வர ஒரு வருஷம் இழுத்துவிட்டது. அந்த அறை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. கட்டணம்தான் இன்னும் இரண்டு தடவை ஏறிவிட்டது.

அன்றைக்குத் தேர்வு முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, முதலில் என்னவோ வாசித்தாயே, அது என்ன என்று அம்மா கேட்டாள்.

“அது வேற யாரோ அம்மாவைப் பத்திம்மா.”

“அதானே பார்த்தேன், எனக்குக் கேக்கவே இல்ல” என்றாள் அம்மா, ஜன்னல் பக்கம் நகர்ந்து மகளுக்கு இடம் விட்டபடி.